கூரைக்குக் கீழே பன்றி

வாயில் பிரஷ்ஷோடு மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டார் ரெங்கராஜ். மேலே மொட்டைமாடியில் அவருடைய ஒரே மகள் கனிஷ்கா துணி காயப்போடும் சாக்கில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கூரை. கூரைக்குக் கீழே ஒரு பன்னி. அவ்வளவுதான், வீடு.”

பிறகு ஒரு சிரிப்பு.

“ஆமா, பன்னியை மறந்துடாதே. பன்னி இருந்தாத்தான் அது வீடு.”

ரெங்கராஜ் நுரையை விழுங்கிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மூன்றே பேர். மனைவி பானுமதி, கனிஷ்கா, அவர். அம்மாவை மகள் அப்படிச் சொல்ல மாட்டாள். தன்னைத் தானே யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மிச்சம் இருப்பது யார் என்று கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

“பானு, உன் பொண்ணு என்னைப் பத்தி யார்கிட்டயோ பேசுறா.”

பானுமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “என்னன்னு?”

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. “மரியாதை இல்லாம.”

“பேரைச் சொல்லியா?”

“பேரைச் சொல்லலை. ஆனா நான்தான்னு தெரியுது.”

“எப்படிங்க தெரியுது?”

இதற்குப் பதில் சொன்னால் பன்றியைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பானுமதி சிரிப்பாள். சிரித்தால் அவளும் இதில் கூட்டு என்று அர்த்தம். ரெங்கராஜ் காபியை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார்.

அவருக்குச் சந்தேகம் என்பது குணம் மட்டுமல்ல, உத்தியோகமும் அதுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கேமரா ரூம் சூப்பர்வைசர். சின்ன ஏ.சி. அறையில் உட்கார்ந்து, சுவர் முழுக்க ஓடும் டி.வி.க்களில் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றும் பெண், ஜாக்கெட் துணிக் குவியல் மேல் குழந்தையை உட்காரவைக்கும் அப்பன், விலையைப் பார்க்காமலே பட்டுப்புடவையைத் தடவுகிறவர் எல்லோரும் அவர் கண்ணுக்குத் திருடர்கள்தான். கடைசியில் அவர்கள் பில் போட்டுவிட்டு ஒழுங்காக வெளியே போனால் அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும்.

அந்தக் கண்ணை அவர் டியூட்டி முடிந்ததும் கடையில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. கனிஷ்காவுக்கு வந்த வரன்கள் எல்லாம் அந்தக் கண்ணில் பட்டுத்தான் ஒழிந்தன. குளித்தலைப் பையன் அதிகமாகச் சிரித்தான், எதையோ மறைக்கிறான். லால்குடிப் பையன் சிரிக்கவே இல்லை. அவன் இன்னும் நன்றாக மறைக்கிறான். துறையூரிலிருந்து வந்தவன் பஜ்ஜியைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். “நம்ம மேலேயே சந்தேகப்படுறான் பாரு” என்று அவனையும் வேண்டாமென்றுவிட்டார்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த கனிஷ்கா இதற்கெல்லாம் ஒன்றுமே சொல்வதில்லை. பேசாமல் டியூட்டிக்குப் போவாள், வருவாள். அப்படி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்துகொண்டிருந்தது. இப்போது பன்றி வேறு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்கூட்டியே படியில் போய் நின்றுகொண்டார்.

“நெல்லு,” என்றாள் கனிஷ்கா மேலே. “பக்கத்துல கத்தி. என்ன கிடைக்கும்? லாபம்.”

ரெங்கராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் அதுல குழப்பம்தான். சென்செய் வந்தாத்தான் முடியும். வரட்டும், முடிச்சுடலாம்.”

நன்செய் அவருக்குத் தெரியும். புன்செய் தெரியும். சென்செய் என்று ஒரு நிலத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நெல்லும் கத்தியும் லாபமும் அதோடு சேர்ந்து வந்தபோது எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஜீயபுரத்தில் அவருக்கும் சித்தப்பா மகன் வீரமலைக்கும் பொதுவில் கொஞ்சம் வயல் இருந்தது. இன்னும் பாகம் பிரிக்காதது. வீரமலைதான் உழுது பார்த்துக்கொள்கிறான். யாரோ ஒருவன் தன் மகளைப் பிடித்துக்கொண்டு அந்த வயலுக்கு வலை வீசுகிறான் என்று முடிவு செய்து, கடைக்குப் போகிற வழியில் காவிரிப் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி வீரமலைக்குப் போன் போட்டார்.

“வீரமலை, நம்ம வயலைப் பார்க்க யாராச்சும் வந்தாங்களா?”

“யாருண்ணே வரணும்?”

“யாரும் வரணும்னு இல்லை. வந்தாங்களான்னு கேட்டேன்.”

“வரப்போறாங்களா?”

“அதை விடு. சென்செய்னு ஏதாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?”

அந்தப் பக்கம் வீரமலை டிராக்டரை நிறுத்தினான். “அது என்னண்ணே? புதுசா வந்திருக்கிற சட்டமா?”

“உனக்குத் தெரியலைல்ல? அப்ப சரி,” என்று வைத்துவிட்டார். ஒரு ஓட்டையை அடைத்துவிட்ட திருப்தி அவருக்கு.

சாயங்காலம் வீடு திரும்பினால் கூடத்தில் வீரமலை உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பூவன் வாழைத்தார். காலடியில் ஒரு துணிப்பை.

“வாப்பா, என்ன திடீர்னு?”

“சும்மாதாண்ணே. உங்களையெல்லாம் பார்த்து நாளாச்சு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அறுவடை நேரத்தில் யாரும் சும்மா வரமாட்டார்கள் என்பது ரெங்கராஜுக்குத் தெரியும். வயலை அண்ணன் கமுக்கமாக விற்கப் பார்க்கிறார் என்று நினைத்து வேவு பார்க்க வந்திருக்கிறான். ரெங்கராஜ் எழுந்தால் அவனும் எழுந்தான். அவர் வாசலுக்குப் போனால் அவனுக்கும் வாசலில் வேலை இருந்தது. போன் மணி அடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். கேமரா ரூமில் உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் கனிஷ்கா டியூட்டிக்குக் கிளம்பியபடி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே முணுமுணுத்தாள்.

“காது. பக்கத்துல கை. எடுத்துக்கோ.” மறுபடியும் ஒரு தடவை, இன்னும் அழுத்தமாக: “காது, கை, எடுத்துக்கோ.”

ரெங்கராஜுக்கு உடனே ஞாபகம் வந்தது பானுமதியின் வெள்ளைக்கல் தோடு. அவள் அம்மா வீட்டில் போட்டது. பீரோவில் இருந்தது. பீரோ சாவி எங்கே இருக்கும் என்பது கனிஷ்காவுக்குத் தெரியும். வீட்டில் இப்போது வீரமலை வேறு. மகள் தெருமுனை திரும்பியதும் தோட்டை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி, யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து, இட்லி அரிசி டப்பாவின் அடியில் புதைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

விருந்தாளி வந்திருப்பதால் பானுமதி அன்றைக்கு மாவு கூடுதலாகப் போட்டாள். டப்பாவை அப்படியே கவிழ்த்து, வீரமலையிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே களைந்து, ஊறவைத்து, கிரைண்டரில் போட்டாள். ரெங்கராஜ் வீட்டுக்குள் நுழைந்தபோது கிரைண்டர் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது.

“அதை நிறுத்து பானு,” என்று ஓடினார்.

மாவுக்குள்ளிருந்து முதலில் ஒரு திருகாணி வந்தது. பிறகு ஒரு கல். பிறகு தோடு என்று சொல்ல முடியாத ஒரு பொருள்.

பானுமதி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “இது எப்படிங்க அரிசிக்குள்ள வந்துச்சு?”

“பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்.”

“யார்கிட்டேயிருந்து பத்திரம்?”

ரெங்கராஜ், கனிஷ்கா பெயரைச் சொல்ல முடியாமல் பார்வையை வேறு எங்கோ திருப்பினார். அது கூடத்துப் பக்கம் திரும்பியது அவருடைய கெட்ட நேரம். கூடத்தில் வீரமலை எழுந்து நின்றுகொண்டிருந்தான். துணிப்பை தோளில் ஏறியிருந்தது.

“அண்ணே,” என்றான். “நான் நிலத்துக்குத்தாண்ணே வந்தேன். தோட்டுக்கு வரலை.”

போகும்போது பூவன் தாரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பானுமதி ரசத்தை மட்டும் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். கனிஷ்கா வெறும் ரசம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, “என்னப்பா, வீடே ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லை,” என்றார் ரெங்கராஜ். எவ்வளவு சாமர்த்தியமாக ஒன்றும் தெரியாதவளைப் போல் கேட்கிறாள் என்று உள்ளுக்குள் வியந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் கேட்டதுதான் அவரை உலுக்கிவிட்டது. மாடியில் கனிஷ்கா வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“மனசு. அது மேல சாவு. மறந்துடுன்னு அர்த்தம்.” கொஞ்சம் பொறுத்து: “இன்னொண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பன்னி இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு வந்து நின்னா, மருமகள்.”

கேமரா ரூமில் அவருக்கு அன்றைக்கு எந்த டி.வி.யும் கண்ணில் படவில்லை. ஒரு ஆள் வேட்டிப் பெட்டியோடு மூன்று தடவை நடந்ததைக்கூட அவர் சும்மா விட்டுவிட்டார். பில் கவுன்ட்டரில் இருக்கும் நஸ்ருல்லா டீ கொண்டுவந்தபோது கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். பன்றியைக்கூடச் சொல்லிவிட்டார்.

நஸ்ருல்லா சிரிக்கவில்லை. அதுவே ரெங்கராஜைப் பயமுறுத்தியது.

“அண்ணே, இது லவ்வு,” என்றான். “மருமகள்ங்கிற வரைக்கும் போயிருக்கு. பையன் வீட்டுல பன்னிப்பண்ணை வச்சிருக்காங்க போல. இப்ப அதுக்கெல்லாம் லோன் தர்றாங்க, நல்ல வருமானம். நெல்லு, கத்தின்னா உங்க நிலம். காதுன்னா நகை. எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க.”

“அப்ப அந்தச் சாவு?”

நஸ்ருல்லா டீயைக் கீழே வைத்தான். “அது மட்டும் யாருன்னு தெரியலைண்ணே. நாளைக்கு சனிக்கிழமை. லீவு போட்டுட்டு, பொண்ணு எங்கே போகுதுன்னு பின்னாடியே போய்ப் பார்த்துடுங்க.”

அன்று சாயங்காலத்திலிருந்து ரெங்கராஜ் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்தினார்.

சனிக்கிழமை மத்தியானம் கனிஷ்கா, “ஆஸ்பத்திரியில மீட்டிங்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ரெங்கராஜ் ஹெல்மெட்டை மாட்டி, அடையாளம் தெரியாமல் இருக்க மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியை விட்டார். பாலம் தாண்டி, சத்திரம் தாண்டி, தில்லைநகரில் ஒரு குறுக்குத்தெருவில் அவள் இறங்கி நடந்தாள். ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரு இளைஞன் காத்திருந்தான். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே மாடி ஏறினார்கள்.

ரெங்கராஜ் பின்னாலேயே ஏறப் போனபோது ஒரு கை தடுத்தது. கட்டடத்தின் வாட்ச்மேன்.

“யாரு சார் நீங்க?”

“மேலே போகணும்.”

“எதுக்கு? மழை எங்கே பெய்யுது? அந்தக் கோட்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

ரெங்கராஜ் திகைத்துப்போனார். இது அவர் கேட்க வேண்டிய கேள்வி. கடையில் தினமும் அவர் கேட்கச் சொல்லும் கேள்வி. கோட்டைக் கழற்றி, பாக்கெட்டைத் தட்டிக் காட்டி, வேர்வை சொட்டச் சொட்ட நின்றார். வாட்ச்மேன் அப்போதும் நம்பாமல் கூடவே ஏறி வந்தான்.

மாடி அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கூட்டமே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வது கேட்டது.

“கூரைக்குக் கீழே பன்னி. வீடு.”

“இன்னொரு தடவை,” என்றது ஒரு பெண் குரல்.

“கூரைக்குக் கீழே பன்னி. வீடு.”

ஒரு ஊரே கூடி அவரைப் பன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“எவன்டா பன்னி?”

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எல்லாம் வாலிபப் பிள்ளைகள், கையில் பேனாவோடு. முன்னால் வெள்ளைப் பலகையில் குச்சி குச்சியாக ஏதோ ஒரு கோலம். அதன் பக்கத்தில் தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண் மார்க்கரோடு நின்றாள்.

“அப்பா,” என்று கனிஷ்கா எழுந்தாள்.

அந்தப் பெண்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். “உட்காருங்க சார். நான் சம்ரீன். ஜப்பான் மொழி சொல்லித்தர்றேன். இவங்க எல்லாரும் அங்கே நர்ஸிங் வேலைக்குப் போறதுக்குப் படிக்கிறாங்க.”

“அப்ப பன்னி?”

“அவங்க எழுத்து ஒவ்வொண்ணும் படம் மாதிரி சார். சும்மா மனப்பாடம் பண்ணினா ஒரு வாரத்துல மறந்து போயிடும். அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதை கட்டிக்குவோம்.” பலகையில் இருந்த கோலத்தைத் தொட்டுக் காட்டினாள். “இது கூரை. கீழே இருக்கிறது பன்னி. அந்தக் காலத்துல அங்கே வீட்டுக்கு வீடு வளர்த்திருப்பாங்கன்னு வச்சுக்கலாம். ரெண்டும் சேர்ந்தா வீடு.”

“நெல்லு, கத்தி?”

“கதிரை அறுக்கிறோம்ல சார். லாபம்.”

“காது, கை?”

“காதைப் பிடிச்சு இழுக்கிறோம். எடுக்கிறதுன்னு அர்த்தம்.”

“மனசு மேல சாவு?”

“மனசுல ஒண்ணு செத்துப்போச்சுன்னா மறந்துட்டோம்னுதானே சார்.”

ரெங்கராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பயமில்லாமல் குடித்தார். “சென்செய்?” என்று கடைசியாக ஒன்று கேட்டார்.

“டீச்சர் சார். நான்தான்.”

வாட்ச்மேன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு இறங்கிப் போனான்.

“ஏன்மா என்கிட்ட மறைச்சே?” என்றார் ரெங்கராஜ் மகளிடம்.

“சொன்னா என்னப்பா பண்ணுவீங்க? ஏஜென்ட் யாரு, அவன் அப்பன் யாரு, ஜப்பான்னு ஒரு ஊர் நிஜமாவே இருக்கான்னு கேட்பீங்க.”

கேட்டிருப்பார்தான். அவர் அதை மறுக்கவில்லை. பார்வை மட்டும் பக்கத்தில் நின்ற இளைஞன் மேல் போய் நின்றது. வாசலில் காத்திருந்தவன்.

“தம்பி யாரு?”

“செந்தமிழன் சார். பச்சைமலை. வீட்டுல மரவள்ளி போடுறாங்க. நானும் நர்ஸிங்தான்.”

“பேரு செந்தமிழன். படிக்கிறது ஜப்பான் மொழியா?”

அறையே சிரித்தது. ரெங்கராஜும் சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் தாடை வலித்தது.

அன்றோடு அவர் வேறு ஆளாகிவிட்டார். ஜீயபுரத்துக்குப் போய் வீரமலையின் தோளில் கை போட்டு, சென்செய் என்றால் டீச்சர் என்று விளக்கினார். வீரமலை பாதி நம்பினான். தோட்டைப் புதிதாகச் செய்யக் கொடுத்தார். பானுமதி முழுதாகச் சமாதானமானாள். கடையில் நஸ்ருல்லாவை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, “கூரைக்குக் கீழே பொம்பளை இருந்தா என்ன தெரியுமா? நிம்மதி. அதே எழுத்துக்கு மலிவுன்னும் அர்த்தமாம். நம்ம ஆடித்தள்ளுபடிக்குப் போர்டா வைக்கலாம்,” என்றார்.

“அப்ப பன்னிப்பண்ணை இல்லையாண்ணே?” என்றான் நஸ்ருல்லா ஏமாற்றத்தோடு.

வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு கதை வேண்டும். மரத்தில் சாய்ந்த மனுஷன், ஓய்வு. சூரியனும் நிலாவும், வெளிச்சம். கனிஷ்கா சொல்லச் சொல்ல அவர் அர்த்தத்தை ஊகிப்பார். செந்தமிழன் சேர்ந்து படிக்க வீட்டுக்கு வந்தால் அவரே காபி கலந்து கொடுப்பார். இன்டர்வியூவுக்கு ஆகட்டும் என்று கடையிலிருந்து ஸ்டாஃப் சலுகையில் நல்ல வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தார். அவன் சிரிக்கிற பையன்தான். ஆனால் எதையாவது மறைக்கிறானா என்று இப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. மகள் திடீரென்று மாடிக்குப் போய்ப் பேசினாலும், அம்மாவும் பெண்ணும் குசுகுசுவென்று எதையோ பேசி அவரைக் கண்டதும் நிறுத்தினாலும், “என்னம்மா, புது எழுத்தா?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். நிம்மதி என்றால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் கனிஷ்கா சொன்னாள்: “சுவத்துல ரெண்டு பேரோட பேரு. நிலா ஒரு தடவை தேய்ஞ்சு வளர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கலை.”

“காத்திருக்கிறது?” என்றார் ரெங்கராஜ்.

“கிட்டத்தட்ட அதுதாம்ப்பா. பொறுமை.”

“பார்த்தியா, எனக்கே வருது,” என்று பானுமதியைப் பார்த்தார். பானுமதி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தை வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, ஜப்பான் மொழிப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். கனிஷ்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேர்த்திருந்தது. பரீட்சைப் பயம் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“கஷ்டமான ஒரு எழுத்துப்பா. கேட்கிறீங்களா?”

“சொல்லும்மா.”

“ஒரு மேஜை. இந்தப் பக்கம் ரெண்டு பேர் நிக்கிறாங்க. அந்தப் பக்கம் மூணு பேர் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.”

ரெங்கராஜ் கண்ணை மூடி யோசித்தார். “கோர்ட்டு?”

“இல்லைப்பா.”

“ஜவுளிக்கடை?”

“இல்லை. ரெண்டு பேர் சேர்ந்து ஒண்ணை ஆரம்பிக்கிறாங்க. துணைன்னு வச்சுக்கலாம்.” அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த எழுத்து உங்களுக்குப் பிடிச்சிருக்காப்பா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுவரைக்கும் சொன்னதுலேயே இதுதான் நல்லா இருக்கு. இதை மட்டும் விட்டுடாதே,” என்றார் ரெங்கராஜ் மனசார.

அவள் கண் கலங்கியது. அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். மறுநாள் காலையில் துணைக்குப் பானுமதியும் போனாள். அவரும் வருவதாகத்தான் சொன்னார். கடையில் புதுச் சரக்கு இறங்கும் நாள், லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்து, “நல்லா எழுதினியா?” என்று கேட்டதற்கு, “நல்லபடியா முடிஞ்சுதுப்பா. ஒரு நல்ல நாள் பார்த்து எல்லாம் விவரமாச் சொல்றேன்,” என்றாள்.

அடுத்த வாரம் கேமரா ரூமில் உட்கார்ந்திருந்தபோது சுடிதார் செக்‌ஷன் டி.வி.யில் ஒரு பெண் கைப்பையைத் தோள் மாற்றினாள். ரெங்கராஜ் பழக்கத்தில் நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடினார். சம்ரீன் டீச்சர்.

“வாங்க சென்செய், வாங்க. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே.” நஸ்ருல்லாவிடம் திரும்பி, “டீச்சருக்கு ஸ்டாஃப் சலுகை போடுப்பா. என் கணக்குல,” என்றார்.

சம்ரீன் தயங்கினாள். அவருடைய முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். “சார், உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?”

“எனக்கென்ன வருத்தம்? சந்தேகப்பட்டதுதான் வருத்தம். இப்ப எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடறா.”

“சொல்லிட்டாளா? அப்பாடா. எனக்கு அன்னியிலிருந்து மனசே சரியில்லை சார்.”

“ஒரு உதவி பண்ணணும் சென்செய்.” பில்லைப் புரட்டி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவையும் நீட்டினார் ரெங்கராஜ். “இதுல ஒரே ஒரு எழுத்து எழுதிக் கொடுங்க. என் ரூம்ல ஒட்டி வைக்கணும். கடைசியா சொன்னாளே, ஒரு மேஜை, இந்தப் பக்கம் ரெண்டு பேர், அந்தப் பக்கம் மூணு பேர் பார்த்துக்கிட்டு நிக்கிறது. என்ன அருமையான எழுத்து அது.”

சம்ரீன் பேனாவை வாங்கினாள். எழுதவில்லை. மூடி போட்டு மெதுவாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“சார், அது எழுத்து இல்லீங்க, ரிஜிஸ்டர் ஆபீஸ். அந்த மூணு சாட்சியில ஒருத்தி நான்தான்.”